குவார்ட்டரில் சரிபாதி

ஒரு குவார்ட்டர் விஸ்கியை இரண்டு பேர் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தவர்களாக இருக்க முடியாது.

பெங்களூரில் காப்பியையே "பை டூ" என்று சொல்லி இரண்டு டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். ஓட்டல்காரர் குத்துமதிப்பாக ஊற்றுவார். எந்த டம்ளரில் கூட இருக்கிறதென்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நாங்கள் பார்ப்போம். நானும் என் நண்பரும் ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்த மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள். பம்புகளுக்குள் போகிற வெண்கல புஷ்கள், அதாவது கட்டைவிரல் நுழைகிற அளவு துளையுள்ள குட்டிக் குழாய்கள், கடைசல் பிரிவிலிருந்து தட்டுத் தட்டாக எங்களிடம் வரும். அளந்து பார்த்து, கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் அவரவர் நம்பர் பொறித்த எஃகு முத்திரையை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. சரியில்லாதது சிவப்புப் பெட்டிக்குப் போகும். அவர் நம்பர் பதினேழு. பதினேழு குத்தியிருந்தால் அதை மறுபடி யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். என் நம்பரைச் சொல்லப் போவதில்லை. அதற்கு அந்த மரியாதை இருந்ததில்லை.

தொண்ணூற்றொன்றில் எனக்கு நாற்பத்தாறு வயது, அவருக்கும் அதேதான். அந்த வருஷம் ஆர்டர்கள் குறைந்து சனிக்கிழமை ஓவர்டைம் நின்றுபோனது. சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு பாருக்குப் போனோம். நின்றுகொண்டே குடிக்கிற பார். ஆளுக்கொரு நைன்ட்டி, கடித்துக்கொள்ள வெள்ளரிக்காய், வேகவைத்த கடலை.

மூன்றாவது வாரம் நண்பர் தன் பையிலிருந்து மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் குப்பி ஒன்றை எடுத்தார். தனக்கு வந்த விஸ்கியை அதில் ஊற்றி, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தொண்ணூறு இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்திரண்டு. "அண்டர்சைஸ்" என்றார், ஒரு புஷ்ஷைப் பற்றிச் சொல்வதுபோல. கவுன்டரில் இருந்தவரிடம் போய்க் கன்னடத்தில் மிகவும் மரியாதையாக, உங்கள் அளவுக் கிண்ணம் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றார். அவரும் அதே மரியாதையோடு எங்களை வேறு பாருக்குப் போகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் எங்களைக் கலால் துறை ஆட்கள் என்று நினைத்து மடமடவென்று குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

அதன்பிறகு குவார்ட்டர் வாங்கிக்கொண்டு ஜோகுபாளையத்தில் அவர் வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டோம். நான் இருந்தது அதே தெருவில் நாலு வீடு தள்ளி. அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவர். குடிப்பதைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் கணவர் எங்கேயோ நின்று குடித்துவிட்டு பஸ் ஏறி வருவதைவிட இது பரவாயில்லை என்று மூன்று நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஏழரை மணிக்குள் முடிய வேண்டும். கிளாஸை நாங்களே கழுவ வேண்டும். வாங்கியது அன்றைக்கே தீர வேண்டும், ஒரு சொட்டுகூட வீட்டில் தங்கக் கூடாது. பாட்டிலில் மிச்சம் வைக்கிற பழக்கம்தான் மனுஷனை ஞாயிற்றுக்கிழமையும் குடிக்க வைக்கும் என்பது அவர் கட்சி. அந்த அம்மாள் சொன்னது எவ்வளவு சரியென்று, மிச்சம் வைத்த சிலரைப் பார்த்த பிறகு புரிந்துகொண்டேன்.

பிரிக்கிற முறையை நண்பர் வகுத்தார். அவர் ஊற்றுவார், நான் முதலில் எடுப்பேன். ஊற்றுகிறவனுக்கு எது தனக்கு வரும் என்று தெரியாது, அதனால் ஒழுங்காக ஊற்றுவான். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் கிளாஸ், சமதளம் பார்த்து வைத்த மேசை. சோடா சேர்ப்பதற்கு முன்னால் வெறும் விஸ்கியில்தான் தீர்ப்பு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி ஊற்றுவார். நான் மோவாய் மேசையில் படுமளவு குனிந்து இரண்டு மட்டத்தையும் பார்ப்பேன். ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருக்கும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

"என்னா குரு, ஏதாவது கீதா?" என்பார்.

"தெரியல."

"தெரியாது. இல்லாதது எப்படித் தெரியும்? எடு."

அந்த விஸ்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகள் இப்போது வைட்ஃபீல்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டு அலமாரியில் ஒரு பாட்டில் வைத்திருந்தார். பன்னிரண்டு வயது என்று அதன் மேல் எழுதியிருக்கும். விஸ்கிக்கு வயதாக ஆக மதிப்பு கூடும் என்று எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டேன். தொண்ணூறுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளிகளுக்கெல்லாம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நிர்வாகம் தானாகவே கொண்டுவந்து நீட்டியது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் குவார்ட்டருக்கு வயதே கிடையாது. செவ்வாய்க்கிழமை பிறந்திருந்தால் அதிகம். முதல் மிடறில் தொண்டையில் ரம்பம் போடும், இரண்டாவதில் பழகிவிடும். அதைக் குடித்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சுக்குத்தான் வயதாகிக்கொண்டே வந்தது. நாற்பத்தாறில் யூனியன், பிரமோஷன், சூப்பர்வைசரின் அட்டூழியம். நாற்பத்தொன்பதில் பிள்ளைகளின் பரீட்சை. ஐம்பதுக்குப் பிறகு முட்டி, பல், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்பது. நடுவில் எந்த வாரம் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தொண்ணூற்றேழு மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, நான் வழக்கம்போலக் குனிந்தபோது இரண்டு மட்டமும் ஒன்றாக இல்லை. இடது கிளாஸில் அரை விரல் கூட. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோடுபளே முறுக்கைக் கடித்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இடது கிளாஸை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் வலது பக்கம் கூட இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். இந்த மனுஷனால் தவறு செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். வயதாகிறது, மனசு இளகிவிட்டது, வாயால் சொல்லத் தெரியாமல் இப்படி எனக்குக் கொஞ்சம் அதிகமாகக் கொடுக்கிறார். நான்தான் முதலில் எடுப்பவன், பெரியதைத்தான் எடுப்பேன் என்று அவருக்குத் தெரியாதா? நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடு ஆறேழு மாதம் பெரிய கிளாஸாகவே பார்த்து எடுத்துக் குடித்தேன்.

இதை ஒருநாள் என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவருக்கு இருக்கிற மனசு நல்ல மனசு" என்றாள். "நீங்க ஒரு வாரமாவது கொறச்சலை எடுத்தீங்களா?"

எடுத்ததில்லை. அந்தச் சனிக்கிழமை எடுத்தேன். அன்றைக்கு வித்தியாசம் ஒரு விரலுக்கு மேலேயே இருந்தது. நான் குறைந்த கிளாஸைத் தூக்கிக்கொண்டு, இப்போது இவர் என்ன சொல்வார், எப்படிச் சமாளிப்பார் என்று கொஞ்சம் விளையாட்டாகக் காத்திருந்தேன். அவர் அதிகமாக இருந்த கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கும் நல்லதா பாத்து எடுத்துக்கினியா?" என்று சிரித்தார்.

கிண்டல் செய்கிறார் என்று நானும் சிரித்தேன். அவர் சோடாவைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தார். கிளாஸ் நிறைந்தது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். விளிம்பைத் தாண்டி மேசையில் ஓடி, லுங்கியில் வழிந்து, தொடை நனைந்த பிறகுதான் கையை நிறுத்தினார்.

"சும்னே கேஸ் ஏத்தி அனுப்பறானுங்க" என்று சோடாக் கம்பெனியைத் திட்டினார்.

நான் அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். தினம் பார்க்கிற முகத்தில் கண்ணை மட்டும் தனியாக யார் பார்க்கிறார்கள்? கறுப்பாக இருக்க வேண்டிய இடம் மோர் கலந்ததுபோல வெளுத்திருந்தது. இரண்டு கண்ணிலும்.

அவர் எனக்கு அதிகமாகக் கொடுக்கவில்லை. அவருக்கு மட்டம் தெரியவில்லை. நான் ஏழு மாதமாக என் நண்பரின் கண்பார்வையைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

படுத்த பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கம்பெனி பஸ் வந்தால் நான் ஏறிய பிறகே அவர் ஏறுவார். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று "என்னா போட்டுக்கீறான், படி, கண்ணாடி அழுக்காயிருக்கு" என்பார். வருஷா வருஷம் நடக்கிற மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது, கண் பரிசோதனை அட்டையில் இருக்கிற எழுத்துகளை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தமாஷாக இருக்கும், படி என்றார். நானும் தமாஷாகக் கடைசி வரி வரை படித்தேன். அவர் என் பின்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டார். மைக்ரோமீட்டரைத் தொடுவதே இல்லை. உள்ளே நுழைய வேண்டிய முனை நுழைகிறதா, நுழையக் கூடாத முனை நிற்கிறதா என்று கை உணர்வாலேயே சொல்லிவிடக்கூடிய கேஜை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார். விஸ்கியையும் கடைசி ஒன்றிரண்டு வருஷம் கைக் கணக்கிலேயே ஊற்றியிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. நானும் ஒரு இன்ஸ்பெக்டர்.

நாசூக்காகச் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அடுத்த சனிக்கிழமை அவர் பாட்டிலைத் திறக்கும்போதே கையிலிருந்து பிடுங்கி, "நான் ஊத்தறேன், உனக்குக் கண்ணு தெரியல" என்றேன்.

அவர் காலியான கையை மடக்கிக்கொண்டார்.

"முப்பது வருஷமா அளந்தவன் நானு" என்றார் பிறகு. "நீ என்னை அளக்க ஆரம்பிச்சுட்டியா?"

"கண்ணுல பொரை வந்துகீது. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. இப்பல்லாம் ஒரு நாள்ல முடிச்சுடறாங்க."

"எங்க அண்ணனுக்கும் அதான் சொன்னாங்க. கேம்ப்ல படுக்க வெச்சு ஒரு நாள்லதான் முடிச்சாங்க. மறுநாள்ல இருந்து அந்தக் கண்ணே இல்ல." அவர் எழுந்துவிட்டார். "விஷயம் வெளிய போச்சுன்னா பதினேழை வாங்கி வெச்சுக்குவாங்க. அப்பறம் நான் யாரு, கேட்ல நிக்கற ஆளா? உனக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போ."

அந்தக் குவார்ட்டரை யாரும் குடிக்கவில்லை. அவர் மனைவி அதை வாஷ்பேசினில் கவிழ்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்று சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. தொழிற்சாலையில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது. அவருக்கும் அப்படியே. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்தடுத்த மேசையில் டொக் டொக் என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தோம்.

நான்காவது வாரம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். தைத்த ரவிக்கையை என் மனைவியிடம் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். ரவிக்கையைக் கொடுத்த பிறகும் நின்றார்.

"அண்ணா, ஞாயித்துக்கெழமை ஆனா அவருதான் எனக்கு வாரத்துக்கு வேணுங்கற ஊசிக்கெல்லாம் நூல் கோத்துக் குடுப்பாரு. எனக்குக் கிட்டப் பார்வை பத்தாதில்ல. ரெண்டு மூணு வருஷமா கேட்டா எரிஞ்சு விழறாரு. பேப்பரை விரிச்சு வெச்சுக்கினு உக்காந்துகீறாரு, பக்கம் திருப்பறதே இல்ல. நான் கேட்டா சண்டை. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"நான் சொன்னதுலதான் சண்டையே" என்றேன்.

"வேற மாதிரி சொல்லுங்க" என்றார்.

வேற மாதிரி எப்படிச் சொல்வதென்று நான் யோசிக்கவில்லை. அது தானாகவே வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு அவர் மேசை விளக்கைப் போட்டு, அவர் வியாழக்கிழமை முடித்து வைத்திருந்த தட்டை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பதினேழு குத்தியதை இன்னொருவன் எடுத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறர் டைரியைப் பிரிப்பதுபோலக் கை கூசியது. நாற்பது புஷ் வரை பழுதில்லை. கண் தெரியாத மனுஷன் இவ்வளவு சரியாகச் செய்திருக்கிறாரே என்று அந்தக் கஷ்டத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்ததன் உட்சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. வார்ப்பில் காற்றுப் புகுந்து விழுகிற ஓட்டை. கேஜுக்கு அது தெரியாது, அளவு சரி என்றுதான் சொல்லும். கண்தான் பார்க்க வேண்டும். அதன் வெளிப்பக்கம் பதினேழு அழுத்தமாகப் பதிந்திருந்தது.

மேலதிகாரியிடம் கொண்டுபோனால் நண்பரின் கதை முடிந்தது. தட்டிலேயே விட்டால் எங்கேயோ ஒரு கிணற்றில் பம்பு ஒழுகும். நான் அதை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். முப்பது வருஷத்தில் ஒரு திருகாணிகூட அந்த கேட்டைத் தாண்டி நான் கொண்டுபோனதில்லை. பிடிபட்டால் வேலை போய்விடும். கேட்டில் காவலர் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினார். பஸ்ஸில் நண்பர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன். மங்கலாக ஒரு வெளிச்சம், அதில் சில நிழல்கள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றார். வாசல் வெளிச்சத்தில் நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான்தான்."

"வெறுங்கையோட வந்தியா?"

நான் புஷ்ஷை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கையில் பட்டதும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. விரல்கள் தாமாகவே வேலையை ஆரம்பித்தன. விளிம்பைத் தடவினார், கட்டைவிரலை உள்ளே விட்டுச் சுற்றினார். பாதியில் விரல் நின்றது. நகத்தால் அந்த இடத்தை மறுபடி தொட்டார், மறுபடியும். பிறகு மிக மெதுவாகப் புஷ்ஷைத் திருப்பி, வெளிப்பக்கம் முத்திரை இருக்கிற இடத்தை நகத்தால் படித்தார்.

"பதினேழு" என்றார்.

"ஆமா."

"எந்தத் தட்டு?"

"வியாழக்கெழமை தட்டு. இன்னும் ஸ்டோருக்குப் போகல."

அவர் புஷ்ஷை மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷின் நின்றுவிட்டிருந்தது.

"பொண்டாட்டி மூஞ்சி சரியா தெரியாம மூணு வருஷம் ஆச்சு" என்றார். "அதைக்கூடப் பொறுத்துக்கினேன். இதை என்னால பொறுக்க முடியாதுப்பா."

"கேட்டீங்களா அண்ணா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "புஷ்ஷுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல." சொல்லிவிட்டு அந்த அம்மாள் அழுதார். நாங்கள் சிரித்தோம், பிறகு எங்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலை அவரே மேலதிகாரியின் அறைக்குப் போனார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். முத்திரையையும் அந்தப் புஷ்ஷையும் அதிகாரியின் மேசையில் வைத்து, தனக்குக் கண் தெரியவில்லை, தான் குத்திய தட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். பார்த்தார்கள். இன்னும் இரண்டு புஷ் அகப்பட்டது. புஷ் அவர் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு, தானே எடுத்துப்போனதாகச் சொல்லி மெமோ வாங்கிக்கொண்டார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. சண்டை போட்டேன். "நீ ஏழு மாசம் எனக்குச் சேர வேண்டியதைக் குடிச்சதுக்கு நான் ஏதாவது கேட்டனா?" என்றார். என் மனைவி எல்லாவற்றையும் அவர் மனைவியிடம் சொல்லிவைத்திருந்தாள்.

முத்திரையை உடனே தரவில்லை. கண் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் இழுத்தடித்து மூன்றாவது மாதம்தான் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் சில வருஷம் குத்தினார். ஒரு புஷ்கூடத் திரும்பி வரவில்லை. விஸ்கியும் திரும்ப ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன கெடு முடிந்த முதல் சனிக்கிழமையே தொடங்கிவிட்டோம், ஆனால் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஓய்வு பெறும்போது ஒரு குவார்ட்டரை எங்களால் ஒரு சாயங்காலத்தில் முடிக்க முடியவில்லை. மிச்சம் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையை அந்த அம்மாளே தளர்த்தி, அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். வயதானால் எதெல்லாம் சுலபமாகிறது பாருங்கள். இருபத்தைந்து வயதில் ஒருவன் மிச்சம் வைத்தால் அதை மனக்கட்டுப்பாடு என்பார்கள். அறுபதில் அது வெறும் அஜீரணம்.

கதை முன்னே ஓடிவிட்டது. நான் சொல்ல வந்தது கட்டு அவிழ்த்த காலையைப் பற்றி.

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. முதலில் வலது கண் மட்டும். நான் லீவு போட்டிருந்தேன். உள்ளே போகும்முன் அவர் என் கையைப் பிடித்த பிடியில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. அவர் அண்ணனைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வற்புறுத்திக் கூட்டி வந்தவன் நான். ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன் என்று ராத்திரியெல்லாம் புரண்டேன்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு நர்ஸ் வந்து கட்டை அவிழ்த்தார். நண்பரின் மனைவி காப்பி வாங்கி வர ஃபிளாஸ்க்கோடு கீழே போயிருந்தார். அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை.

நண்பர் கண்ணைச் சிமிட்டினார். தண்ணீர் வழிந்தது. கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து அதில் இருந்த தேதியை வாய்விட்டுப் படித்தார். சரியாகப் படித்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிட்ட வா" என்றார்.

போனேன். தலையைச் சாய்த்து, ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கம் பார்த்தார்.

"எப்பப்பா இப்படிக் கெழவனான?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெனமும் உன் பக்கத்துல உக்காந்துனுதான இருந்தேன்" என்றார். "நீ ஆனதை நான் பாக்கவே இல்லியே." அவர் கண்ணில் மறுபடி தண்ணீர் வந்தது. அழக் கூடாது சார், கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் அதட்டினார்.

அறை வாசலில் அவர் மனைவி ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றிருந்தார். நண்பர் சொன்னது எல்லாமே காதில் விழுந்திருக்க வேண்டும். கை தானாகவே போய்க் காதோரத்து நரையைச் சேலைத் தலைப்பால் மூடியது. உள்ளே வராமல் பின்னாலேயே நகர்ந்து வராண்டாவுக்குப் போய்விட்டார். நான் வெளியே போனேன்.

"உள்ள போம்மா, நல்லா தெரியுது அவருக்கு. காலண்டரெல்லாம் படிச்சாரு."

"இருங்கண்ணா. ஒரு நிமிஷம்." சுவரோரம் ஒண்டிக்கொண்டார். "மூணு வருஷத்துக்கு முன்ன எனக்குக் கன்னம் இப்படி உள்ள போகல. இந்தக் கரும்புள்ளி இல்ல. அவருக்கு அந்த மூஞ்சிதான ஞாபகம் இருக்கும்?"

இந்த நாளுக்காகச் சண்டை போட்டு, என்னிடம் வந்து நின்று, கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டவர் அவர்தான். அவர் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டேன்.

"எங்க நிக்கற?" என்று உள்ளேயிருந்து நண்பரின் குரல் வந்தது. "வா."

அவர் போனார். நான் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காப்பி ஆறிப்போகுமே என்ற சாக்கில் எட்டிப் பார்த்தேன். நண்பர் மனைவியைக் கட்டிலில் உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சம் விழும்படித் திருப்பி, முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே படவில்லை. நெற்றி, கன்னம், காதோரம், மோவாய் என்று ஓர் இடம் விடாமல் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கொறை இல்ல" என்றார்.

என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.